வெடிப்புக் கிளேஸ் வேணும்னு கேக்கவுகளுக்கு: கீறலா, தீவா, கரிசலா, ராக்குவா?

இந்த மாசம் மட்டும் மூணு பேரு ஒரே கேள்விய கேட்டுட்டாவ. ஒரு தங்கச்சி பாளையங்கோட்டை, மொட்டை மாடில தகர ஷெட்டு போட்டு சின்ன கரண்ட் சூளை வச்சிருக்கா, பூச்சாடி செய்யுதா. ஒரு தம்பி காருகுறிச்சி பக்கம், அப்பா காலத்துச் சூளை, அகல் விளக்கும் சட்டியும் சுட்டு விக்கான், கிளேஸ, அதாவது மண்ணு மேல பூசிச் சுட்டா கண்ணாடியா உருகுத பூச்ச, இதுவரைக்கும் கையால தொட்டதில்ல. மூணாவது வள்ளியூர்ல ஒரு சார், ரிட்டயர் ஆயிட்டாவ, இன்னும் சூளையே வாங்கல, வாங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிடணும்ங்காவ. மூணு பேரும் போன்ல படம் அனுப்பி "அண்ணாச்சி, இந்த மாதிரி வெடிச்ச டிசைன் வரணும், எந்த வழி நல்லது"ன்னு கேக்காவ.

படத்த பாத்தா மூணும் மூணு சாதி. தங்கச்சி அனுப்புனது வெள்ளைக் கண்ணாடி மேல தலைமுடி கணக்கா கறுப்புக் கோடு. தம்பி அனுப்புனது கோடையில வத்துன குளத்துத் தரை மாதிரி பாளம் பாளமா பிளந்து நிக்குத விளக்கு. சார் அனுப்புனது ராக்கு ஜாடி, சூளையில இருந்து சூடா எடுத்து புகையில மூடுத சாதி. எல்லாத்துக்கும் பேரு "கிராக்கிள்"தான், அங்கதான் ஆளுக குழம்புறது, ஒருத்தர் கீறல் கிளேஸ் வாங்கிட்டு பாளம் வரலயேன்னு உக்காந்திருப்பாவ, இன்னொருத்தர் பாளம் வர்ற கிளேஸ பூசிட்டு ஐயோ கிளேஸ் உரிஞ்சு போச்சேன்னு தலைல கைய வச்சிருப்பாவ. அதனால தனித்தனியா பதில் போடாம ஒரேடியா எழுதிருதேன்.

மொதல்ல எத வச்சு அளக்கது

எது வெடிக்கணும்ங்கிறதுதான் மொதக் கேள்வி. கிளேஸ் உருகி கண்ணாடி ஆன பொறவு ஆறும்போது கீறுதா, இல்ல உருகுறதுக்கு முன்னாடியே காஞ்சு பிளந்து தீவு தீவா ஒதுங்குதா, இல்ல கிளேஸே இல்லாம மண்ணுப் பூச்சு மட்டும் வெடிக்கா. இத முடிவு பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சிரும்.

ரெண்டாவது, அதுல சோறு தண்ணி படுமா. நாம பேசுதது லோ ஃபயர், கோன் 06 இருந்து கோன் 04 வரைக்கும் (கோன்ங்கிறது சூட்ட அளக்க சூளைக்குள்ள வைக்குத கூம்பு), அதாவது சுமாரா 1000 டிகிரில இருந்து 1060 டிகிரி. இந்தச் சூட்டுல நம்ம மண்ணு கல்லாகாது, பஞ்சு மாதிரிதான் இருக்கும், மண்பானைத் தண்ணி குளுருறதே அந்தப் பஞ்சுத்தனத்தாலதான, உள்ள இருக்க தண்ணி கசிஞ்சு வெளிய வந்து ஆவியாகுது. அப்படி உடம்பு உள்ள பாத்திரத்துக்கு கிளேஸ்தான் ஒரே காவல். அந்தக் காவல்ல நீங்களே ஓட்டை போட்டு அழகு பாக்குதிய. ஆகாதுன்னு சொல்லல, எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு செய்யணும்.

மூணாவது மண்ணு. குளத்து மண்ணு செவப்பா சுடும், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி தெளிஞ்ச கிளேஸ் போட்டு கறுப்பு இங்கி தேச்சா கோடு தெரியவே தெரியாது. அடுத்தது சுக்கான் கல். மண்ண நல்லா சலிக்காம விட்டா அந்தக் கல்லு சூளையில சுண்ணாம்பாகி, வெளிய வந்து நாலு நாள் கழிச்சு காத்துல இருக்க ஈரத்தக் குடிச்சு வீங்கி, பாத்திரத்து மேல காசு அளவுக்கு சில்லு தெறிச்சு விழும். இதுவும் வெடிப்புதான், ஆனா எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான்.

நாலாவது உங்க கையில இருக்க சூளை. சூடா இருக்கும்போது திறக்க முடியுமா, புகை போட எடம் இருக்கா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளு. அப்புறம் அம்பது பீஸ் ஆர்டர் வந்தா அம்பதும் ஒரே மாதிரி வரணுமான்னும் யோசிச்சுக்கிடுங்க. மறைஞ்சு நிக்குத செலவ ஒவ்வொண்ணுலயும் சொல்லிக்கிட்டே வாரேன்.

1. கீறல் கிளேஸ் (மேல கண்ணாடி, உள்ள முடிக்கோடு)

இதுதான் உண்மையான கிராக்கிள். சூட்டுல எல்லாம் விரியும், ஆறுனா சுருங்கும், கிளேஸ் மண்ண விட ஜாஸ்தி சுருங்குச்சுன்னா அதுக்கு எடம் பத்தாது, சின்னப் பையன் சட்டைய பெரிய ஆளு மாட்டுனா தையல் பிரியுத மாதிரி பிரிஞ்சுக்கிடும். அந்த ஜாஸ்தி சுருக்கத்தக் கொடுக்கது சோடியமும் பொட்டாசியமும். கொறைக்கது சிலிக்கா, போரான், மக்னீசியம். அதனால கீறல் வேணும்னா சோடா தூக்கலான ஃப்ரிட்டு வேணும், வேண்டாம்னா கிளேஸ்ல சிலிக்காவ ஏத்தணும், இவ்ளோதான் சூத்திரம். சோடா தானே, துணி தொவைக்குத சோடாவ கரைச்சு ஊத்தட்டுமான்னு ஒருத்தர் கேட்டாவ, வேண்டாம், அதும் வெங்காரமும் தண்ணில கரையுற சாமான், கிளேஸ் வாளியில நிக்காது, பஞ்சு மண்ணு உறிஞ்சிரும், வாளியடில படிகம் கட்டும். ஃப்ரிட்டுங்கிறதே இதெல்லாத்தையும் ஏற்கனவே உருக்கிக் கண்ணாடியாக்கிப் பொடிச்சதுதான்.

நான் ஆரம்பிக்குதது ஹை சோடா ஃப்ரிட்டு 85 பங்கு, சைனா களி (கயோலின்ங்குத வெள்ளைக் களிமண்ணு) 15 பங்கு. வெளிநாட்டு ரெசிப்பில 3110னு நம்பர் போட்டிருக்கும், நம்ம சப்ளையர்ட்ட "சோடா அதிகமுள்ள, ஈயம் இல்லாத ஃப்ரிட்டு"ன்னு கேளுங்க, ஈயம் இல்லாததுன்னு ரெண்டு தடவ கேளுங்க, பில்லுலயும் எழுதச் சொல்லுங்க. கெர்ஸ்ட்லி போரேட்னு ஒரு சாமான் பழைய ரெசிப்பி எல்லாத்துலயும் வரும், அது கலிபோர்னியா சுரங்கத்துச் சரக்கு, அத தேடி அலையாதிய.

கிளேஸ் கனமா போட்டா கோடு தூரம் தூரமா பெரிய வலையா விழும், மெலிசா போட்டா பொடி வலையா விழும். ஒரே ஜாடில மேல மெலிசா கீழ கனமா முக்குனா வலை மேல இருந்து கீழ வர வர பெருசாகும், பாக்க அம்சமா இருக்கும்.

செவப்பு மண்ணுக்கு வழி, பச்சையா இருக்கும்போதே சைனா களில வெள்ளைப் பூச்சு ஒண்ணு கொடுத்து, சுட்டு, அதுக்கு மேல கிளேஸ். அப்பதான் கோடு எடுப்பா தெரியும். அந்தப் பூச்சு மண்ணோட ஒட்டுதான்னு தனியா ஒரு சின்ன சோதனைச் சில்லுல பாத்துக்கிடணும்.

இனி சூளை திறக்கது. நான் வழக்கமா 100 டிகிரிக்கு கீழ வந்த பொறவுதான் மூடிய தூக்குவேன். போன வைகாசில அவசரத்துல 180ல தூக்கிட்டேன், தூக்குன ஒடனே டிங், டிங்னு சத்தம், மொதல்ல ஒண்ணு ரெண்டு, பொறவு மழைத் தூத்தல் தகரத்துல விழுத மாதிரி விடாம. எங்க அம்மா கீழ இருந்து "ஏல, மேல என்னல பல்லி இவ்ளோ கத்துது"ன்னு கேக்கா. அந்தச் சத்தம்தான் கீறல் விழுற சத்தம். கேக்க சொகமா இருந்துச்சு, ஆனா அன்னைக்கு ஒரு பெரிய ஜாடி வாயில இருந்து அடி வரைக்கும் உடம்போட பிளந்துருச்சு, கிளேஸோட நிக்கல. அதனால சூடா திறந்தா கீறல் வெரசா விழும்ங்கிறது சரிதான், ஆனா ஒண்ணு ரெண்டு பலி கொடுக்கணும். கிளேஸ் சரியா இருந்தா ஆறித் திறந்தாலும் விழத்தான் செய்யும்.

சாயம் போடது இப்படி. பாத்திரம் கை பொறுக்குத சூட்டுல இருக்கும்போது இந்தியன் இங்கிய பஞ்சால ஓட்டி, ரெண்டு நிமிசம் விட்டு, ஈரத்துணியால தொடைச்சா கண்ணாடி மேல உள்ளது போயிரும், கோட்டுக்குள்ள போனது நிக்கும். அடி வட்டத்துல கிளேஸ் இருக்காது, அங்க மொதல்லயே மெழுக தடவி விட்ருங்க, இல்லன்னா பஞ்சு மண்ணு இங்கிய குடிச்சு அடி முழுசும் கறுத்துரும், அத எடுக்கவே முடியாது. இங்கி வேண்டாம்னா கடுங்காப்பி கணக்கா டீத்தூள் டிகாக்ஷன் போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சா பழுப்புக் கோடு.

இன்னொரு வேலை இருக்கு. கீறல் ஒரே நாள்ல முடியாது, வாரக்கணக்கா விழுந்துக்கிட்டே இருக்கும். மொதநாள் விழுந்த பெரிய கோட்டுக்கு கறுப்பு இங்கி, பத்து நாள் கழிச்சு புதுசா விழுந்த சின்னக் கோட்டுக்கு டீ, ரெண்டு நிறம் கெடைக்கும். சீனால சோங் ராஜ்ஜியம்னு 960ல இருந்து 1279 வரைக்கும், அந்தக் காலத்து பாணில கே வேர்னு ஒரு சாதி உண்டு, தங்க நூலும் இரும்புக் கம்பியும்னே அதுக்கு பேரு, கறுப்புக் கோடு நடுவுல பொன்னிறக் கோடு. அது நம்மள விட ரொம்ப சூட்டுல சுடுதது, ஆனா தந்திரம் இங்கயும் நடக்கு.

இதுல மறைஞ்ச செலவு மூணு. பாத்திரம் பலம் கொறையும், கீறுன கிளேஸ் உள்ள சட்டி கீறாதத விட வெரசா உடையும். அடுத்தது, சரியா வேகாத உடம்பு காத்து ஈரத்த உறிஞ்சி மாசக்கணக்குல வீங்கும், அதனால நீங்க வித்து ஆறு மாசம் கழிச்சும் கஸ்டமர் வீட்டுல புதுசா கோடு விழும், அவிய போன் போட்டு "உடைஞ்சு போச்சு"ம்பாவ. மூணாவதுதான் பெரிய நொம்பலம். நான் ஆரம்பத்துல ஆறு கிண்ணம் செய்து சித்தி வீட்டுக்கு கொடுத்தேன், சாயமே போடல, வெள்ளை கிளேஸ்ல நிறமில்லாத கீறல். ஒரு மாசம் கழிச்சு போனா எல்லாக் கோடும் அழகா மஞ்சளா நிக்கி. சாம்பார். மஞ்சப்பொடி உள்ள போயிட்டு. சித்தி சந்தோசமா "நல்லாத்தான்டா இருக்கு"ன்னா, நான் ஒரு கிண்ணத்த மோந்து பாத்தேன், தயிர் புளிச்ச வாடை, கழுவுனாலும் போகல. பஞ்சுக்குள்ள போனது பஞ்சுக்குள்ளயே கெடந்து கெட்டுப் போகுது. ஆறையும் திருப்பி வாங்கி செடி வச்சிட்டேன்.

ஆக இது பூச்சாடி, சுவத்துத் தட்டு, விளக்கோட வெளிப்பக்கம், இதுக்கு அருமை. பூச்சாடிக்கும் உள்பக்கம் கீறாத வேற கிளேஸ் ஊத்தி, ராத்திரி தண்ணி நிரப்பி நியூஸ்பேப்பர் மேல வச்சுப் பாருங்க, காலையில பேப்பர் நனைஞ்சிருந்தா டிவி ஸ்டாண்டு மேல வைக்கக் கொடுக்காதிய.

2. தீவு கிளேஸ் (பாளம் பாளமா ஒதுங்குறது)

இதுல லைட் மக்னீசியம் கார்பனேட்தான் ராசா. ஜிம்ல கம்பி பிடிக்க கையில தடவுதாவல்லா, அந்த வெள்ளப் பொடி. கிளேஸ்ல 20 பங்கு போட்டா லேசா ஒதுங்கும், 30 பங்கு போட்டா நல்லா தீவு தீவா, பல்லித்தோல் மாதிரி. நான் போடுதது போரான் ஃப்ரிட்டு 50, மக்னீசியம் கார்பனேட் 30, சைனா களி 20. பூசி காயும்போதே பாளம் பிளக்கணும், பிளக்கலன்னா கனம் பத்தலன்னு அர்த்தம், இன்னொரு கை போடுங்க. சூளையில உருகும்போது ஒவ்வொரு பாளமும் தன் பக்கமா சுருண்டு முண்டு கட்டி நிக்கும், நடுவுல கீழ உள்ள மண்ணு தெரியும்.

இங்க நம்ம செவப்பு மண்ணு பலம். வெள்ளைத் தீவு நடுவுல செவப்பு ஓடை, வேற எதுவும் செய்ய வேண்டாம். கறுப்பு வேணும்னா அடில கறுப்புப் பூச்சு.

செலவு எங்கன்னா, ஒண்ணு, அந்தப் பொடி பஞ்சு மாதிரி பறக்கும், ஒரு கிலோ வாங்குனா ஒரு பெரிய பை நிறைஞ்சிரும், கலக்கும்போது மாஸ்க் போடாம செய்யாதிய. ரெண்டு, தண்ணி ஏகத்துக்குக் குடிக்கும், கஞ்சி மாதிரி இருக்கு போதும்னு பாத்துக்கிட்டே இருக்கும்போது கெட்டியாயிரும். மூணு, சூடு பத்தலன்னா ஓரம் பிளேடு மாதிரி நிக்கும், கையக் கிழிச்சிரும், கொஞ்சம் ஆறுன பொறவு பாளம் பொலபொலன்னு உதுரவும் செய்யும். உருகுறதுக்கு முன்னாடியே உதுந்தா பக்கத்துப் பாத்திரத்து மேல விழுந்து உருகி ஒட்டும், அதுவும் போச்சு. கிளேஸ் ஒட்டாம இருக்க சூளைத் தட்டுக்கு வெள்ளைப் பூச்சு போடாம இத வைக்கவே கூடாது. மழைக்காலத்துல, ஐப்பசி கார்த்திகையில, பூசுனது காயவே ரெண்டு நாள் ஆகும், ஈரத்தோட சூளைக்குள்ள வச்சா மொத்தமா உரிஞ்சு அடில கெடக்கும்.

சாப்பாட்டுக்கு சுத்தமா ஆகாது, இடுக்குல போன பருக்கைய எந்த தேங்காநாரும் எடுக்காது. ஆனா திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரதுல நாலு வழிலயும் இதுதான் நம்பிக்கையானது, கனத்த மட்டும் ஒரே மாதிரி வச்சுக்கிட்டா போதும். சூடா திறக்க வேண்டாம், புகை வேண்டாம், சாயம் வேண்டாம்.

3. மண்ணுப் பூச்சு வெடிப்பு (கரிசல், வாட்டர் கிளாஸ்)

காருகுறிச்சித் தம்பிக்கு நான் சொல்லுதது இதுதான், கிளேஸே வேண்டாம். நீ அனுப்புன படம் கிளேஸ் வெடிப்பே இல்லப்பா, மண்ணு வெடிப்பு.

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் போனா கோடையில கரிசக்காடு கால் நுழையுத அளவுக்கு பிளந்து கெடக்கும், பாத்திருப்பிய. அந்த மண்ணுல உள்ள களி தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், கடைல பெண்டோனைட்னு விக்குத சாமானோட சாதிதான். அத ஊற வச்சு, வேர் கல்லு எல்லாம் போக துணில வடிகட்டி, தயிர் பதத்துல காஞ்ச விளக்கு மேல கனமா பூசுனா, அடி மண்ணு ஏற்கனவே சுருங்கி முடிச்சிருக்கும், மேல உள்ளது மட்டும் சுருங்கும், தானா பாளம் பிளக்கும். பைசா செலவில்ல. ஒட்டு பத்தாம உதிரும்ங்கிறது ஒண்ணுதான் பிரச்சினை. அதுக்கு பத்துக்கு ஒரு பங்கு ஃப்ரிட்டு கலந்துக்கிடலாம், ஆனா ஃப்ரிட்டு உருகி ஒட்டணும்னா சூடு வேணும், ஊர்ச் சூளை எல்லா மூலையிலயும் அந்தச் சூட்டுக்கு வராது, நடுவுல வச்சது ஒட்டியிருக்கும் ஓரத்துல வச்சது உதிரும். கறுப்பு மண்ணுதானன்னு கறுப்பா வரும்னும் நெனைக்காதிய, சுட்டா காவிப் பழுப்பாயிரும். அடி மண்ணுக்கும் இதுக்கும் நிற வித்தியாசம் கொறைவா இருந்தா வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால அடில ஒரு வெள்ளைப் பூச்சு போட்டுட்டு அதுக்கு மேல கரிசல். நான் பூசுன மொத விளக்கு அந்தானிக்கு அப்படியே தோல் உரிஞ்ச மாதிரி வந்துட்டு, விளக்கு மேல எண்ணெய் கையோட பிடிச்ச தடம் இருந்திருக்கு, அவ்ளோதான் காரணம்.

சக்கரத்துல போடுதவுகளுக்கு இன்னொரு வித்தை இருக்கு, சோடியம் சிலிக்கேட், கெமிக்கல் கடைல வாட்டர் கிளாஸ்னு கேட்டா கொடுப்பாவ. சக்கரத்துல கனமா ஒரு குழாய் தூக்கி, வெளிப்பக்கம் மட்டும் அத ரெண்டு கை தடவி, ஹேர் டிரையராலயோ சின்ன கேஸ் டார்ச்சாலயோ கையில ஒட்டாத அளவுக்குக் காய வச்சு, பொறவு உள்பக்கம் மட்டும் கைய விட்டு மெல்ல வயித்தத் தள்ளணும். வெளில தொடவே கூடாது. தோல் இறுகிட்டு, உள்ள இளகி இருக்கு, தள்ளத் தள்ள வேப்பமரப் பட்டை கணக்கா பிளந்து பிளந்து வரும். பாத்துக்கிட்டே இருக்கலாம், செத்த நேரத்துல பச்சை மண்ணுக்கு நூறு வயசு ஆயிரும். மொதல்ல கறுப்புப் பூச்சு தடவி அதுக்கு மேல சிலிக்கேட் போட்டா கறுப்புப் பட்டை நடுவுல செவப்பு மண்ணு தெரியும். காஞ்ச சிலிக்கேட் கண்ணாடிச் சில்லு, சக்கரத்தச் சுத்தி விழுந்தத கையால கூட்டாதிய, சிலிக்கேட் பட்ட மண்ண திரும்ப குழைக்குத தொட்டிலயும் போடாதிய, தொட்டி முழுக்க மண்ணு கெட்டுரும்.

இந்த வழில பெரிய லாபம், உள்பக்கம் நீங்க நல்ல கீறாத கிளேஸ் போட்டுக்கிடலாம், வெளில மட்டும் வெடிப்பு. டம்ளர், கப்பு செய்யணும்னு நிக்குதவுகளுக்கு நாலுல இது ஒண்ணுதான் நான் சரின்னு சொல்லுவேன். ஒவ்வொண்ணும் வேற மாதிரிதான் வரும், ஒரே மாதிரி அம்பது கேட்டா கெடைக்காது.

4. ராக்கு

படத்துல பாத்து எல்லாரும் மயங்குதது இதுலதான். 950ல இருந்து 1000 டிகிரில கிளேஸ் உருகி பளபளன்னு இருக்கும்போதே நீளக் கொறடால பாத்திரத்த வெளிய எடுத்து, செத்த நேரம் காத்துல காட்டி, அந்த டிங் டிங் ஆரம்பிச்ச ஒடனே மரத்தூள் உள்ள தகர டிரம்முக்குள்ள வச்சு மூடணும். தீப்பிடிச்சு, காத்து இல்லாம புகை கட்டி, கரி போயி கோட்டுக்குள்ள உக்காந்துக்கிடும், கிளேஸ் இல்லாத மண்ணு எல்லாம் மையிருட்டு மாதிரி கறுத்துரும். சாயம் போடுத வேலையே இல்ல, அரை மணி நேரத்துல முடிவு கையில. ஜப்பான்ல கியோட்டோல 16ம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது ராக்கு, ஆனா அங்க இப்படி புகை போடுதது கெடையாது, அது 1960க்கு மேல அமெரிக்கால பால் சோல்ட்னர்ங்கவரு ஆரம்பிச்சு பரவுனது. நமக்கு கரி ஏத்துறது புதுசும் இல்ல, ஆதிச்சநல்லூர் தாழிகளோட கெடச்ச கறுப்பு செவப்புச் சட்டிய பாருங்க, கிளேஸ்ங்கிற பேச்சே இல்லாம நெருப்பையும் புகையையும் வச்சே அந்த ரெண்டு நிறத்தக் கொண்டு வந்திருக்காவ.

நம்ம பக்கம் இதுக்கு சாமான் பஞ்சமில்ல. மரத்தூள் அறுவை மில்லுல கெடைக்கும், உமி ரைஸ் மில்லுல, பனை ஓலை, கதம்பை எல்லாம் எரியும். உமி மெதுவா புகையும், கோடு ஆழமா கறுக்கும், மரத்தூள் ஒடனே பிடிக்கும். நான் ரெண்டையும் பாதிப் பாதி போடுவேன்.

ஆனா கணக்குப் பாருங்க. மண்ணு அந்த அதிர்ச்சிய தாங்கணும், அதுக்கு மண்ணுல மணலோ சுட்ட மண்ணுப் பொடியோ நல்லா சேக்கணும், சட்டி பானை செய்யுத நம்ம வேளார் மண்ணுல மணல் கலப்பு இருக்கதால அது ஓரளவுக்கு தாங்கும், சலிச்ச வழுவழு மண்ணு பொட்டுன்னு போயிரும். அப்புறம் கேஸ். சூடு தாங்குத ஃபைபர் போட்ட டிரம் சூளை நீங்களே செய்துக்கிடலாம், ஆனா அந்த ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வெட்டும்போது நல்ல மாஸ்க் வேணும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர தொழிலுக்கு போடக்கூடாது, 19 கிலோ கமர்ஷியல் எடுக்கணும், ரெண்டாவது மூணாவது தடவ சுடும்போது சிலிண்டர் வெளிப்பக்கம் வேர்த்து பனி படிஞ்சு பிரஷர் எறங்கிரும், சூடு 900ல நின்னுக்கிட்டு மேல ஏறாது. ரெண்டு சிலிண்டர் இல்லாம ஆரம்பிக்காதிய. ஒருத்தரா செய்யவே கூடாத வேலை, கொறடு பிடிக்க ஒரு ஆளு, மூடி தூக்க ஒரு ஆளு, பாலியஸ்டர் சட்டை ஆகாது, காட்டன்தான்.

புகை. எங்க தெருவுல மொதத் தடவ போட்டப்ப எதுத்த வீட்டு ஆச்சி காயப்போட்ட வடாம் முழுக்க கரிவாடை, இன்னைக்கும் அந்தப் பேச்சு போகல. வயக்காட்டுல, ஆத்துப் பக்கம் எடம் இருந்தா மட்டும் இறங்குங்க. வைக்கப்படப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

சோத்துக்கும் தண்ணிக்கும் ஆகாது. செம்பு போட்ட மினுக்கு நிறம் எல்லாம் வருசக் கணக்குல மங்கிரும், அத கஸ்டமர்ட்ட மொதல்லயே சொல்லிருங்க.

பாட்டிலும் ஃபெவிகாலும்

கடைல ரெடிமேட் கிராக்கிள் கிளேஸ் பாட்டில்ல வருது, பிரஷ்ஷால மூணு கை போட்டா போதும். வெள்ளை உடம்புக்கு செய்தது, நம்ம செவப்பு மண்ணுல அதே மாதிரி கீறும்னு உறுதி இல்ல. பத்து பீஸுக்குள்ள செய்யுதவுகளுக்கு லாபம், அதுக்கு மேல போனா பாட்டில் காசுக்கு ஃப்ரிட்டு மூட்டையே வாங்கிரலாம்.

சூளையே வேண்டாம்னா, கறுப்புப் பெயிண்ட் மேல ஃபெவிகால் தடவி, அது பிசுபிசுன்னு இருக்கும்போதே வெள்ளை அக்ரிலிக் ஒரே இழுப்பா இழுத்தா காயும்போது பிளக்கும். கொலு பொம்மைக்கும், ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கும் நல்லாவே இருக்கும். இத கிளேஸ்னு சொல்லி மட்டும் விக்காதிய. விளக்குல போட்டா தீ சூட்டுல இளகும்.

ஒரே பார்வைல

| வழி | எது வெடிக்கு | சோறு தண்ணி | ஒரே மாதிரி வருமா | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|
| கீறல் கிளேஸ் | கண்ணாடி | ஆகாது, வெளிப்பக்க அழகுக்கு மட்டும் | ஓரளவுக்கு | பலம் கொறையும், மாசம் கழிச்சும் கீறும் |
| தீவு கிளேஸ் | உருகாத பூச்சு | ஆகாது | நல்லா வரும் | உதிர்றது, சூளைத் தட்டு |
| கரிசல் | மண்ணு | உள்ள வேற கிளேஸ் போட்டா ஆகும் | வராது | ஒட்டாம உரியறது |
| வாட்டர் கிளாஸ் | மண்ணுத் தோல் | உள்ள வேற கிளேஸ் போட்டா ஆகும் | வராது | கெட்டுப்போற மண்ணு |
| ராக்கு | கண்ணாடி, கரியோட | ஆகாது | வரவே வராது | கேஸ், ஆள்கூலி, அக்கம்பக்கம் |

அப்ப யாருக்கு எது

பாளையங்கோட்டை தங்கச்சிக்கு கீறல் கிளேஸ், சந்தேகமே இல்ல. கரண்ட் சூளை, வெளிப்பக்கம் மட்டும் கீறல், உள்பக்கம் கீறாத கிளேஸ், செவப்பு மண்ணுக்கு மேல வெள்ளைப் பூச்சு. ராக்கு ஆசைய மொட்டை மாடில வச்சுக்கிடாதம்மா, கரண்ட் சூளைல இருந்து சூடா எடுக்கும்போது கொறடு கரண்ட் ஓடுத காயில் கம்பில பட்டா உயிருக்கே ஆபத்து, சுவிட்ச ஆஃப் பண்ணாம கைய விடவே கூடாது. அறுபது எழுபது சில்லு சுட்டு, கனம் மாத்தி மாத்தி எழுதி வச்சுக்கோ, அதுக்கு ஒரு மாசம் போனாலும் போகட்டும்.

காருகுறிச்சித் தம்பி, உனக்கு கரிசல். நீ கிளேஸுக்கு போனா சூளைய மாத்தணும், சூட்டக் கூட்டணும், அந்தச் சூட்டுல உன் மண்ணு கோணுதா நிக்குதான்னு பாக்கணும், அப்பா சுடுத சட்டியும் அதுக்குள்ளயே வைக்க முடியாது. இப்ப இருக்க சூளையிலயே நடுப்பகுதில இருபது விளக்கு வச்சுப் பாரு. கல்யாண ஆர்டர், எரநூறு விளக்கும் ஒண்ணு போல வேணும்னு கேட்டியே, அதுக்கு மட்டும் கரிசல் சரிப்படாது. அந்த ஆர்டருக்கு தீவு கிளேஸ் பூசி வேற ஒருத்தர் கரண்ட் சூளைல வாடகைக்கு சுட்டு வாங்கு. கூலி போக மிச்சம் நிக்குமான்னு மொதல்ல கணக்குப் போட்டுட்டு அட்வான்ஸ் வாங்கு.

வள்ளியூர் சாருக்கு, சூளை வாங்குறதுக்கு முன்னாடி எதுவும் முடிவு பண்ணாதிய. ஒரு ஆறு மாசம் வாட்டர் கிளாஸ் வேலை பழகுங்க, அதுக்கு சக்கரம் போதும், சுடுததுக்கு யார்ட்டயாவது கொடுத்துக்கிடலாம். ராக்குதான் வேணும்னு மனசு நின்னா கேஸ் டிரம் சூளை போதும், லட்சக்கணக்குல கரண்ட் சூளை எதுக்கு. கீறல் கிளேஸ் பக்கம் மனசு போனா 1100 டிகிரி வரைக்கும் நிதானமா ஏறுத சின்ன கரண்ட் சூளை போதும், 1300 போகும்னு விக்க வாரவன் சொல்லுவான், நமக்கு அது வேண்டாம், காசுதான் கூட. அப்புறம் வீட்டு மீட்டர் எத்தனை கிலோவாட்டுக்கு சாங்ஷன் ஆகியிருக்கு, சிங்கிள் ஃபேஸா திரீ ஃபேஸான்னு கரண்ட் பில்ல எடுத்துப் பாத்துட்டு போன் போடுங்க சார், மிச்சத்த அப்ப பேசிக்கிடலாம்.